இழுக்காமல் எழுப்புதல்: ஐகிடோ கற்றுத்தரும் சீரான அசைவு

காலை ஏழு மணிக்கு மருத்துவமனையின் எந்த வார்டுக்குள் நுழைந்தாலும் இந்தக் காட்சியைக் காணலாம். கட்டிலின் ஓரத்தில் நோயாளி அமர்ந்திருப்பார். கழிப்பறைக்கு அழைத்துச் செல்ல வந்த மகனோ மகளோ மனைவியோ எதிரில் நின்று, அவருடைய இரு கைகளையும் பற்றி இழுத்துக்கொண்டிருப்பார். இழுக்கப்படுகிறவர் தம்மையறியாமல் பின்னுக்குச் சாய்வார். எதிரில் நிற்பவர் இன்னும் பலமாக இழுப்பார். இருவருக்கும் வியர்க்கும், சில நேரங்களில் குரலும் உயரும்.

அண்மையில் கடலூர்ப் பகுதியிலிருந்து வந்திருந்த ஒரு பெரியவரையும் அவர் மகனையும் இந்த நிலையில்தான் கண்டேன். பெரியவருக்குப் பக்கவாதம் வந்து மூன்று வாரங்கள் ஆகியிருந்தன. இடக்கையும் இடக்காலும் வலுவிழந்திருந்தன. இருவருமே மீன்பிடித் தொழில் செய்பவர்கள். மகனுடைய கைகள் வலையிழுத்து உரமேறியவை. "விடுப்பா, நானே எந்திரிச்சிக்கிறேன்" என்றார் தந்தை. "விட்டா விழுந்துடுவீங்கப்பா" என்றார் மகன். தந்தையால் ஓரளவு எழ முடியும் என்பதும் உண்மை. விட்டால் விழுவார் என்பதும் உண்மை. ஆயினும் அந்தக் கணத்தில் மகனின் வலிமை முழுவதும் தந்தையின் அச்சத்தோடு மல்லுக்கட்டுவதிலேயே செலவாகிக்கொண்டிருந்தது.

இயன்முறை மருத்துவப் பிரிவில் பணிபுரியும் நான், சில ஆண்டுகள் ஐகிடோ என்னும் ஜப்பானியத் தற்காப்புக் கலையைப் பயின்றவன். தேர்ந்தவன் என்று சொல்லிக்கொள்ள மாட்டேன். ஆனால் படுக்கையிலிருந்து ஒருவரை எழுப்புவது பற்றி நான் பாடநூலில் படித்தவற்றை என் உடல் உண்மையில் புரிந்துகொண்டது அந்தப் பயிற்சிப் பாயின் மேல்தான். அதனால் இந்த இதழில் அதைப் பற்றி எழுத விரும்பினேன்.

ஐகிடோ என்பது என்ன?

இக்கலையை உருவாக்கியவர் மொரிஹேய் உஎஷிபா (1883–1969). ஜப்பானின் தனாபே என்னும் கடலோர ஊரில் பிறந்தவர். இளமையில் மெலிந்து, அடிக்கடி நோய்வாய்ப்பட்டவராக இருந்தார் என்று அவர் வரலாற்றை எழுதியோர் கூறுவர். பல பழைய போர்க்கலைகளைக் கற்றுத் தேர்ந்து, அவற்றிலிருந்து தமக்கென ஒரு முறையை வகுத்தார். 1942 முதல் அது ஐகிடோ என்னும் பெயரால் வழங்கி வருகிறது. 'ஐ' என்பது இசைவு. 'கி' என்பது உயிராற்றல். 'தோ' என்பது நெறி. பெரும்பாலான ஐகிடோ மரபுகளில் போட்டிகள் கிடையா. இருவர் இணையாகப் பயில்வர். ஒருவர் தாக்க வருவார், மற்றவர் அதை ஏற்றுத் திருப்பிவிடுவார். பின்னர் இடம் மாறிக்கொள்வர். நமக்கு அருகில் ஆரோவில்லிலும் இக்கலை பயிற்றுவிக்கப்படுகிறது.

தாக்க வருபவரின் விசையை எதிர்த்து நிறுத்தாமல், அவரோடு சேர்ந்து திரும்பி, அவ்விசையின் போக்கை மாற்றுவதே இதன் அடிப்படை. நன்கு பயின்றவர் செய்யும்போது பார்த்தால், எங்கே தொடங்கியது, எங்கே முடிந்தது என்று பிரித்தறிய இயலாது. ஆற்றில் சுழல் உண்டாகி மறைவது போலிருக்கும். புதிதாகச் சேர்ந்தவர் செய்வதைப் பார்த்தால் ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணிவிடலாம். ஒவ்வொரு நிலையிலும் நின்று, யோசித்து, அடுத்த நிலைக்குத் தாவுவார். தோள் காதுவரை உயர்ந்திருக்கும். மூச்சு அடைத்திருக்கும்.

நானும் அப்படித்தான் இருந்தேன். முதல் ஆறு மாதங்களில் என் உடல் எவ்வளவு விறைப்பானது என்பதைத் தவிர வேறொன்றையும் நான் கற்றுக்கொண்டதாக நினைவில்லை. ஒருநாள் ஆசிரியர் என் தோளின் மேல் இரண்டு விரல்களை வைத்து, இந்தத் தோள் யாரைத் தூக்கிக்கொண்டிருக்கிறது என்று கேட்டார். அது எவரையும் தூக்கிக்கொண்டிருக்கவில்லை. இணையாக நின்றவரின் மணிக்கட்டைத்தான் நான் பிடித்திருந்தேன். அதற்குத் தோள் உயர வேண்டிய தேவையே இல்லை. அன்று முதல் எதையாவது கூடுதலாகச் செய்ய முயல்வதை விட்டுவிட்டு, தேவையில்லாமல் செய்துகொண்டிருப்பதைத் தேடத் தொடங்கினேன். என் அசைவு சற்றே சீரானது அதற்குப் பின்புதான்.

உடல் ஏன் விறைக்கிறது?

நம் மூட்டுகளைச் சுற்றி எதிரெதிராக இழுக்கும் தசைகள் அமைந்துள்ளன. ஒன்று மடக்கும், மற்றொன்று நீட்டும். மடக்கும் தசை சுருங்கும்போது நீட்டும் தசை வழிவிட்டால் அசைவு எளிதாகும். அச்சம் வந்தால் இரண்டும் ஒருசேர இறுகும். ஆக்சிலேட்டரையும் பிரேக்கையும் ஒரே நேரத்தில் அழுத்திய வண்டி போல உடல் உறுமும், நகராது. நோயாளிகள் பலர், "ஒன்றும் செய்யவில்லை, உட்கார்ந்து எழுந்தேன், அதற்கே களைத்துவிட்டது" என்று சொல்வதன் பின்னணியில் பல காரணங்கள் இருக்கலாம். அவற்றுள் இந்த இரட்டை உழைப்பும் ஒன்று.

புதிதாக ஒன்றைக் கற்கும் எவருக்கும் இது நேர்வதே. சோவியத் ஆய்வாளர் நிகொலாய் பெர்ன்ஷ்டெய்ன் 1920களில் மாஸ்கோவில், உளியின் மேல் சுத்தியால் அடிக்கும் தொழிலாளர்களைப் படம் பிடித்து ஆராய்ந்தார். கைதேர்ந்த தொழிலாளியின் சுத்தி ஒவ்வொரு முறையும் தவறாமல் உளியின் தலையில் விழுந்தது. ஆனால் அவருடைய தோளும் முழங்கையும் மணிக்கட்டும் ஒவ்வொரு முறையும் சற்றே வேறுபட்ட வழியில் சென்றன. ஒரு மூட்டில் ஏற்பட்ட சிறு மாற்றத்தை மற்றொரு மூட்டு ஈடுசெய்தது. புதிதாகக் கற்பவரோ பல மூட்டுகளைப் பூட்டி வைத்துக்கொண்டு, ஒன்றிரண்டை மட்டும் அசைப்பார். அத்தனை மூட்டுகளையும் ஒருசேர ஆளும் வழி அவருக்கு இன்னும் கைவராததே காரணம். பயிற்சி ஏற ஏறப் பூட்டுகள் ஒவ்வொன்றாகத் திறக்கும். பெர்ன்ஷ்டெய்னின் இக்கருத்து இன்றும் மறுவாழ்வு மருத்துவத்தில் பேசப்படுகிறது.

நோயுற்றவர் பழகிய அசைவையே மீண்டும் புதிதாகக் கற்கிறார். அறுபது ஆண்டுகள் நடந்த கால்கள் திடீரென்று கற்றுக்குட்டிகளாகிவிடுகின்றன. அவர் உடலைப் பூட்டிக்கொள்வதைப் பிடிவாதம் என்று எண்ணிவிடலாகாது.

இங்கே ஓர் எச்சரிக்கையும் தேவை. எல்லா விறைப்பும் அச்சத்தால் வருவதன்று. பக்கவாதத்திற்குப் பின் தசைகள் தாமாகவே இறுகிக்கொள்வது நரம்பு மண்டலத்தின் பாதிப்பால் நிகழ்வது. பார்க்கின்சன் நோயில் காணும் விறைப்பும் அவ்வாறே. அங்கே மாத்திரையை உரிய நேரத்தில் கொடுப்பதே முதல் உதவி. இவற்றுக்கு மருத்துவரின் சிகிச்சை வேண்டும். "மனத்தைத் தளர்த்துங்கள், சரியாகிவிடும்" என்று நோயாளியிடம் சொல்வது கொடுமை. அந்நோய்களோடு ஒட்டிக்கொள்ளும் அச்சத்தின் விறைப்பைப் பற்றி மட்டுமே இங்கு பேசுகிறேன். அதைக் குறைப்பதில் நோயாளியும் உடனிருப்பவரும் பெரும்பங்கு ஆற்ற முடியும்.

கோபுரத்தின் கீழே

சீரான அசைவைப் பற்றி அறிய நாம் ஜப்பான்வரை செல்ல வேண்டியதில்லை. சிதம்பரத்தில் சிகிச்சைக்காகத் தங்கியிருப்பவர்களின் உறவினர் பலர் மாலை வேளையில் நடராசர் கோயிலுக்குச் சென்று வருவார்கள். அடுத்த முறை செல்லும்போது கோபுர வாயிலில் ஒரு நிமிடம் நின்று, இருபுறச் சுவர்களையும் பாருங்கள். நாட்டிய சாத்திரம் கூறும் 108 கரணங்கள் அங்கே சிற்பங்களாக உள்ளன. கிழக்குக் கோபுரத்தில் சிற்பங்களோடு அவற்றுக்குரிய சுலோகங்களும் பொறிக்கப்பட்டுள்ளன. தஞ்சைப் பெரிய கோயிலில் 81 கரணங்களோடு பணி நின்றுபோயிருக்க, இங்கே முழுத் தொகுதியையும் காண்கிறோம்.

இச்சிற்பங்களைப் பார்க்கும் எவரும் இவை 108 நிலைகள் என்றே எண்ணுவர். அவ்வாறன்று, ஒவ்வொரு கரணமும் கையும் காலும் உடலும் இணைந்து நிகழ்த்தும் ஓர் அசைவு. சிற்பி அவ்வசைவின் ஒரு கணத்தை மட்டும் கல்லில் நிறுத்தியிருக்கிறார் என்று நடனக் கலைஞரும் ஆய்வாளருமான பத்மா சுப்ரமணியம் தம் ஆய்வுகளில் நிறுவ முற்பட்டார். இக்கருத்தை அறிந்த பின்பு அச்சிற்பங்களைப் பார்த்தால் கண் வேறொன்றைத் தேடும். இந்தக் காலுக்கு முன்பு எடை எங்கே இருந்தது? அடுத்து எங்கே செல்லும்? ஐகிடோப் பயிற்சியில் எனக்கு எட்டாதிருந்ததும் இதுவே. நிலைகளை மனப்பாடம் செய்திருந்தேன். இரு நிலைகளுக்கு இடைப்பட்ட வழியை அறியவில்லை.

அந்த வழியை நம் நாட்டிய ஆசிரியர்கள் எவ்வாறு கற்பிக்கிறார்கள் என்பதும் கவனிக்கத்தக்கது. பரதநாட்டியத்தில் அடவைக் கற்கும் குழந்தை முதலில் முதற்காலத்தில் ஆடும். பின்னர் அதன் இருமடங்கு விரைவில் இரண்டாங்காலம். அதற்கும் இருமடங்காக மூன்றாங்காலம். பார்ப்பவர்க்கு மூன்றாங்காலமே கடினமாகத் தோன்றும். ஆடுபவரைக் கேட்டால், அரைமண்டியில் நின்று முதற்காலத்தைச் சீராக ஆடுவதே கடினம் என்பார். விரைந்து செய்யும்போது வேகமே நம்மைத் தூக்கிச் சென்றுவிடும், குறை தெரியாது. மெதுவாகச் செய்யும்போது எந்த இடத்தில் எடை தடுமாறுகிறது, எந்த இடத்தில் மூச்சு நிற்கிறது என்பதெல்லாம் வெளிப்படும். பதறாத காரியம் சிதறாது என்னும் பழமொழி இதற்கும் பொருந்தும்.

கடலூரின் உப்பனாற்றங்கரையிலோ பிச்சாவரத்துக் கழிமுகத்திலோ வீச்சுவலை வீசுபவரைக் கண்டவர்கள் இன்னொன்றையும் அறிந்திருப்பார்கள். வலையை வீசுவது கையன்று. ஓரமெங்கும் ஈயக்குண்டுகள் கோத்த ஈர வலையைக் கைவலிமையால் மட்டும் எறிந்தால் அது பொட்டலமாகத் தண்ணீரில் விழும். வீசுபவர் எடையைப் பின்காலில் வாங்கி, இடுப்பைத் திருப்பி, எடையை முன்காலுக்கு மாற்றுவார். அந்தத் திருப்பம் முதுகின் வழியே தோளுக்கும் தோளின் வழியே கைக்கும் வந்து சேரும். கை செய்வதெல்லாம் உரிய கணத்தில் விடுவதுதான். வலை வட்டமாக விரியும். சிலம்பம் சுற்றுபவரும் காலடியைப் பயின்ற பின்பே கம்பின் வீச்சுக்குச் செல்வார். ஐகிடோவில் வயிற்றின் கீழ்ப்பகுதியை உடலின் மையமாகக் கொண்டு, அங்கிருந்து ஒவ்வோர் அசைவையும் தொடங்கச் சொல்வார்கள். மூன்றும் ஒரே செய்தி. அசைவு எடைமாற்றத்தில் தொடங்க வேண்டும். கையும் காலும் அதைப் பின்தொடர வேண்டும்.

கட்டிலிலிருந்து எழும்போது

இனி வார்டுக்குத் திரும்புவோம். எழுந்து நிற்றல் என்பதும் ஓர் எடைமாற்றமே. உட்கார்ந்திருக்கும்போது எடை இருக்கையில் உள்ளது. நிற்கும்போது பாதங்களில் உள்ளது. முதலில் எடையை முன்னால் கொண்டுவந்து பாதங்களின் மேல் வைத்துவிட்டால், எழுவது எளிது. எடை இன்னும் இருக்கையிலேயே இருக்கும்போது மேலே தூக்க முயன்றால், எவ்வளவு இழுத்தாலும் போதாது.

ஆகவே, எழுவதற்கு முன் இருக்கையின் முன்ஓரத்திற்கு நகர்ந்து வாருங்கள். பாதங்கள் முழுவதும் தரையில் படியட்டும். குதிகால் முழங்காலுக்குச் சற்றே பின்னால் இருக்கட்டும். படுக்கையிலிருந்து எழுந்து உட்கார்ந்தவர்கள் ஓரிரு நிமிடம் அப்படியே இருங்கள். நெடுநாள் படுத்திருந்தவர்களுக்கும் இரத்த அழுத்த மருந்து உண்பவர்களுக்கும் உடனே நின்றால் தலைசுற்றக்கூடும். பின்னர் மூக்கு கால்விரல்களுக்கு நேராக வரும்வரை முதுகை வளைக்காமல் இடுப்பிலிருந்து முன்னே சாயுங்கள். பெரும்பாலோர் இந்த இடத்தில்தான் அஞ்சிப் பின்வாங்குவர். முன்னால் விழுந்துவிடுவோமோ என்று தோன்றும். உண்மையில் இருக்கை இலேசாவதை உணர்வதே நீங்கள் எழத் தயாராகிவிட்டீர்கள் என்பதற்கு அடையாளம். அப்போது மூச்சை வெளியே விட்டுக்கொண்டே எழுங்கள். தம் பிடித்துக்கொண்டு எழுந்தால் இரத்த அழுத்தம் திடீரென உயரும், உடலும் விறைக்கும். மூச்சை விடத் தெரியவில்லையென்றால் உரக்க எண்ணுங்கள். எண்ணுபவரால் மூச்சை அடக்க இயலாது.

இதையே முதற்காலத்தில் பயிலுங்கள். எழுவதைவிட உட்காருவதை மெதுவாகச் செய்து பழகுவது இன்னும் பயன் தரும். தொப்பென்று விழுவது போல் அமராமல், இருக்கையைத் தொடும்வரை எடையைக் கால்கள் ஆளட்டும். உயரம் குறைந்த இருக்கை கடினமானது. தொடக்கத்தில் சற்று உயர்ந்த இருக்கையில் பழகுவதில் இழுக்கு ஒன்றும் இல்லை. அண்மையில் இடுப்பு மூட்டு அறுவை செய்துகொண்டவர்கள் முன்னே சாய்வதற்கு அளவு உண்டு. அவர்கள் தம் மருத்துவரிடம் கேட்ட பின்பே இதைச் செய்ய வேண்டும்.

திரும்புவதற்கும் இதே முறைதான். நின்ற இடத்தில் ஒரு காலை ஊன்றிக்கொண்டு சுழல்வதால் விழுபவர்கள், குறிப்பாகப் பார்க்கின்சன் நோயாளிகளில், மிகுதி. சிதம்பரத்தின் நான்கு வீதிகளில் தேர் மூலை திரும்புவதைப் பார்த்தவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. அவ்வளவு பெரிய தேர் ஒரே இழுப்பில் திரும்பாது. இடம் விட்டு, சிறிது சிறிதாக, முட்டுக்கட்டை இட்டு இட்டுத் திருப்புவார்கள். நீங்களும் அகன்ற வளைவாக, பல சிறு அடிகள் வைத்துத் திரும்புங்கள். நடுவில் கால்கள் தரையோடு ஒட்டிக்கொண்டது போல் நின்றுவிட்டால் முன்னோக்கித் தள்ளாதீர்கள். நின்று, மூச்சு விட்டு, எடையை ஒரு பக்கமாகச் சாய்த்து, எடையற்ற காலை முதலில் எடுத்து வையுங்கள். உடனிருப்பவர் கை தட்டித் தாளம் கொடுத்தாலும் பலருக்குக் கால் பெயர்வதைக் கண்டிருக்கிறோம். நியூயார்க்கின் புரூக்ளினில் மார்க் மாரிஸ் நடனக் குழுவினர் 2001 முதல் பார்க்கின்சன் நோயாளிகளுக்கென நடன வகுப்பு நடத்தி வருவதும் தாளத்தின் இந்த ஆற்றலை நம்பித்தான்.

உடனிருப்போருக்கு

ஐகிடோவில் 'தென்கன்' என்றோர் அசைவு உண்டு. எதிரில் நின்று கையைப் பற்றியவரை இழுக்காமலும் தள்ளாமலும், ஓரடி எடுத்து வைத்துத் திரும்பி, அவர் பக்கத்தில் வந்து நிற்பது. அந்த ஓரடிக்குப் பின் இருவரும் ஒரே திசையைப் பார்த்துக்கொண்டிருப்பர். எதிர்ப்பதற்கு அங்கே ஒன்றும் இருக்காது. நான் கற்றவற்றுள் வார்டில் மிகுதியும் பயன்பட்டது இந்த ஓரடியே.

நோயாளியின் எதிரில் நின்று கைகளை இழுத்தால், அவர் முன்னே சாய்ந்து வரவேண்டிய இடத்தை நீங்களே அடைத்துக்கொண்டு நிற்கிறீர்கள். பக்கத்திற்கு வாருங்கள். பக்கவாதம் வந்தவராயின் வலுவிழந்த பக்கத்தில் நில்லுங்கள். அவர் பார்க்கும் திசையையே நீங்களும் பாருங்கள். ஒரு கையை அவருடைய இடுப்பின் பின்புறம் வையுங்கள். இடுப்புப் பட்டை இருந்தால் அதைப் பற்றுங்கள். வலுவிழந்த கையைப் பிடித்து இழுப்பதும் அக்குளில் கைகொடுத்துத் தூக்குவதும் கூடாது. பக்கவாதம் வந்த தோளைத் தாங்கும் தசைகள் தளர்ந்திருப்பதால் மூட்டு எளிதில் நழுவும். அதனால் வரும் வலி மாதக்கணக்கில் நீடித்து, கை மீள்வதையே தடுத்துவிடக்கூடும்.

உங்கள் முதுகும் முக்கியம். உடனிருப்பவர் முதுகுவலியோடு எங்கள் பிரிவுக்கே நோயாளியாக வந்து சேர்வது அரிதன்று. கால்களை அகட்டி, முழங்கால்களை மடக்கி, நோயாளிக்கு நெருக்கமாக நில்லுங்கள். எட்ட நின்று குனிந்து தூக்காதீர்கள். திரும்ப வேண்டுமானால் இடுப்புக்கு மேல் முறுக்காமல் பாதங்களை எடுத்து வைத்துத் திரும்புங்கள்.

எல்லாவற்றுக்கும் முன்பு, என்ன செய்யப் போகிறீர்கள் என்பதைச் சொல்லுங்கள். சேர்ந்து எண்ணுங்கள். அவர் எண்ணட்டும், நீங்கள் பின்தொடருங்கள் என்பதே என் பரிந்துரை. எப்போது எழுவது என்பதை முடிவு செய்வது தாமே என்று அறிந்த உடல் அவ்வளவாக விறைப்பதில்லை. ஐகிடோவில் இணையாகப் பயில்பவரின் அசைவு தொடங்கும் கணத்தைத் தொடுகையாலேயே உணரப் பழக்குவார்கள். உங்கள் உள்ளங்கையும் சில நாட்களில் அதைக் கற்றுக்கொள்ளும். அவர் முன்னே சாயத் தொடங்குவது கண்ணுக்குத் தெரியும் முன்பே கைக்குத் தெரியும்.

விழுதலைப் பற்றி

இத்தனைக்கும் அடியில் இருப்பது விழும் அச்சம். அது வெறும் மனக்கலக்கமன்று. உலகெங்கும் ஆண்டுதோறும் ஏறத்தாழ 6,84,000 பேர் விழுவதால் உயிரிழக்கின்றனர் என்று உலக சுகாதார நிறுவனம் மதிப்பிட்டுள்ளது. ஆனால் அச்சத்தால் நடப்பதையே விட்டவரின் கால்கள் மேலும் வலுவிழக்கும். அதனால் விழும் வாய்ப்பு இன்னும் கூடும்.

ஐகிடோவில் எறிவதற்கு முன்பே விழக் கற்பிக்கிறார்கள். 'உகெமி' என்பது அதன் பெயர். 'ஏற்றுக்கொள்ளுதல்' என்பது அதன் பொருள். உடலை உருட்டி, தாக்கத்தைப் பரவலாக்கி விழுவது. விழத் தெரிந்தவர்க்கே அசைவு தளர்ந்து வரும். நெதர்லாந்தின் நைமேகன் நகர ஆய்வாளர்கள், தற்காப்புக் கலைகளில் உள்ள இவ்வகை உருளும் முறை பக்கவாட்டில் விழும்போது இடுப்பெலும்பின் மேல் விழும் தாக்கத்தைக் குறைக்கிறது என்று கண்டறிந்து, மெத்தைகளின் மேல் முதியோர்க்கும் அதைப் பயிற்றுவித்தார்கள். இதைப் படித்துவிட்டு எவரும் வீட்டில் உருண்டு பார்க்க வேண்டாம். பயிற்சியாளரும் மெத்தையும் இல்லாமல் செய்யத்தக்கதன்று.

நம் நோயாளிகளுக்கு அதைவிடப் பொருத்தமானது மெதுவான எடைமாற்றப் பயிற்சி. சீனத்தின் தாய்ச்சி அத்தகையது. அமெரிக்காவின் ஒரிகன் மாநிலத்தில் பார்க்கின்சன் நோயாளிகள் 195 பேரை மூன்று குழுக்களாகப் பிரித்து, 24 வாரங்கள் பயிற்சி அளித்து நடத்திய ஆய்வு 2012இல் நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் வெளிவந்தது. வலுவூட்டும் பயிற்சி செய்தவர்களையும் தசைநீட்சிப் பயிற்சி செய்தவர்களையும்விடத் தாய்ச்சி பயின்றவர்களின் உடல் நிலைப்பு மேம்பட்டது. தசைநீட்சிக் குழுவினரைவிட அவர்கள் விழுவதும் குறைந்தது.

உடனிருப்போர் விழுதலைப் பற்றி அறியவேண்டியது ஒன்று உண்டு. நீங்கள் பிடித்திருக்கும்போதே நோயாளி சரியத் தொடங்கினால், தூக்கி நிறுத்தப் போராடாதீர்கள். அதில் இருவரும் விழுவீர்கள். அவரை உங்கள் உடலோடு அணைத்து, ஒரு காலை முன்வைத்து முழங்காலை மடக்கி, உங்கள் தொடையின் வழியே அவரை மெதுவாகத் தரையில் அமரச் செய்யுங்கள், தலையைக் காத்துக்கொள்ளுங்கள். பின்பு செவிலியரை அழையுங்கள். உடனே தூக்கிவிடவும் வேண்டாம்; அடிபட்டிருக்கிறதா என்று பார்த்த பின்பே எழுப்ப வேண்டும். விழவிட்டுவிட்டோமே என்று பின்னர் உங்களை நீங்களே நொந்துகொள்ளாதீர்கள். மெல்ல இறக்கியதே அவரைக் காத்தது.

வேட்டியின் தொங்கும் நுனி, தரையைத் தொடும் சேலைக் கொசுவம், தேய்ந்த ரப்பர் செருப்பு, குளியலறையின் ஈரத் தரை ஆகியவற்றையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள். எந்தத் தற்காப்புக் கலையும் ஈரத் தரைக்கு மருந்தன்று.

தொடக்கத்தில் சொன்ன பெரியவரிடம் வருகிறேன். மகனைப் பக்கத்தில் நிற்கச் சொன்னேன். பெரியவரிடம், வலை வீசுவதற்கு முன் எடை எந்தக் காலில் இருக்கும் என்று கேட்டேன். அவர் பதில் சொல்லவில்லை. சொல்வதற்குப் பதில் செய்து காட்டினார். உட்கார்ந்தபடியே உடலைப் பின்னுக்கு வாங்கி முன்னே கொண்டுவந்தார். இருக்கையிலிருந்து உடல் இலேசாகக் கிளம்பியது. அதை உணர்ந்ததும் அவரே திடுக்கிட்டு மீண்டும் அமர்ந்துவிட்டார். இரண்டாம் முறை அவர் எண்ணினார், மகன் இடுப்பில் கைவைத்துப் பின்தொடர்ந்தார். நான் வலுவிழந்த முழங்கால் மடங்கிவிடாமல் முட்டுக்கொடுத்தேன். நின்றார். ஏழெட்டு விநாடிகள் இருக்கும். பின்பு மெதுவாக அமர்ந்தார்.

அந்த வாரத்தின் இறுதியில் கழிப்பறைவரை நடந்தார்கள். திரும்பும் இடத்தில் மகன் பழக்கத்தால் கையை இழுத்துவிட்டார், தந்தை முறைத்தார், மகன் கையை விட்டுவிட்டு மறுபடியும் இடுப்பில் வைத்துக்கொண்டார். கழிப்பறை வாயிற்படியில் இருவரும் நின்று, மூச்சு விட்டு, எந்தக் காலை முதலில் எடுத்து வைப்பது என்று பேசிக்கொண்டிருந்ததைக் கடந்து நான் அடுத்த படுக்கைக்குச் சென்றேன்.